மின்சாரம் இல்லாத இரவுகள்: பேட்டரியா, ஜெனரேட்டரா?



வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அரிசி, பருப்பு, மருந்து, மெழுகுவர்த்தி என்று சேர்த்து வைப்பது கடலோர ஊர்களில் உள்ள நம் குடும்பங்களின் வழக்கம். சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் மின்சாரமும் சேர்ந்துவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளொதுங்கிய ஊர்கள் சிலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

இதையெல்லாம் பார்த்த பிறகு, "ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போடலாமா, அல்லது இப்போது புதிதாக வரும் பவர் ஸ்டேஷன் வாங்கலாமா?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. இரண்டுமே பெரும் தொகையைக் கேட்பவை. அதில் ஒன்று, கவனக்குறைவாகக் கையாண்டால் உயிரையும் கேட்டுவிடும். எனவே கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இரண்டின் தன்மை

ஜெனரேட்டர் பெட்ரோலையோ டீசலையோ எரித்து மின்சாரம் உண்டாக்குகிறது. எரிபொருள் ஊற்ற ஊற்ற ஓடும். தண்ணீர் மோட்டார் போன்ற பெரிய சுமையையும் இழுக்கும். அதற்கு ஈடாகப் புகையும் இரைச்சலும் தரும். புயல் காலத்தில் சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தால் பெட்ரோல் லாரி வராது. பங்க்கில் வரிசை நீளும். கையில் எரிபொருள் இல்லாத ஜெனரேட்டர் வெறும் இரும்புதான்.

பவர் ஸ்டேஷன் என்பது லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய சாதனம். கையில் தூக்கிச் செல்லலாம். புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை, நோயாளியின் கட்டிலுக்கு அருகிலேயே வைக்கலாம். ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது. தீர்ந்துவிட்டால் எங்காவது கொண்டுபோய் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

நம் வீடுகளில் பலவற்றில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கணக்குப்படி 1800 வாட்-மணி. நடைமுறையில் அதில் ஒரு பகுதியே கிடைக்கும். ஒரே அளவு சேமிப்புக்கு இதன் விலை பவர் ஸ்டேஷனைவிட மிகக் குறைவு. சில மணி நேர மின்தடைக்கு இதுவே போதும். அப்படிப்பட்ட வீட்டார் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இதன் குறை நீண்ட மின்தடையில்தான் தெரியும். அமில பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். தூக்கிச் செல்வதும் கடினம். புதிய பவர் ஸ்டேஷன்களில் பல, இரண்டு மணி நேரத்திலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் கணக்கு

வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. 1000 வாட்-மணி என்பது மின் கட்டணத்தில் வரும் 1 யூனிட். ஒரு சிறு குடும்பத்தின் ஓர் இரவைக் கணக்கிடுவோம்.

• சாதாரண மின்விசிறி 2: ஒன்று 75 வாட், 10 மணி நேரம் – 1500
• எல்.இ.டி. விளக்கு 3: ஒன்று 9 வாட், 5 மணி நேரம் – 135
• செல்போன் 3: ஒன்றுக்கு 15 – 45
• மூச்சிரைப்பு உள்ள பெரியவருக்கு நெபுலைசர்: 120 வாட், 15 நிமிடம், 3 தடவை – 90

மொத்தம் 1770 வாட்-மணி. பெட்டியின் மேல் 1000 என்று எழுதியிருக்கும் பவர் ஸ்டேஷனில், உள்ளே ஏற்படும் இழப்பு போகச் சுமார் 850தான் கைக்கு வரும். அப்படியானால் பாதி இரவிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். இரண்டு விசிறிகளையும் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் விசிறிக் கணக்கு 1500இலிருந்து 600ஆகக் குறைகிறது, மொத்தம் 870. புயல் இரவில் எல்லோரும் ஒரே அறையில் படுத்து ஒரு விசிறி மட்டும் ஓட்டினால் 570தான். சில ஆயிரம் ரூபாய் விசிறி, பல பத்தாயிரம் ரூபாய் பேட்டரியின் அளவைப் பாதியாக்குகிறது. ஆகவே முதலில் விசிறியை மாற்றுங்கள். பிறகு பேட்டரியைப் பற்றி யோசியுங்கள். மின்சாரம் ஒழுங்காக வரும் நாள்களிலும் அந்த விசிறி மிச்சம் பிடித்துக் கொடுக்கும். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. தேவையை அளக்காமல் பெரிய பொருளை வாங்குவதும் அதில் சேரும்.

எந்தச் சுமைக்கு எது?

விளக்கு, விசிறி, செல்போன், நெபுலைசர், உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி ஆகியவை பேட்டரிக்கு ஏற்றவை. மருத்துவக் கருவிக்காக வாங்குவோர், வெளிவரும் மின்சாரம் தூய சைன் வேவ்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ், ஏ.சி. ஆகியவை வீட்டுப் பேட்டரிக்கு ஏற்றவை அல்ல. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 1000 வாட் அளவில் எடுக்கும். கிளம்பும் நொடியில் 3 மடங்கோ அதற்கு மேலோ இழுக்கும். இதற்கு ஜெனரேட்டரே சரி. அதிலும் 3 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் நடுவில் நிற்பது. ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை எடுக்கக்கூடும். கதவைத் திறக்காமல் வைத்தால் மின்சாரம் போன பின்பும் 4 மணி நேரம் குளிர் தாங்கும். சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினுக்காகவே ஃப்ரிட்ஜை ஓட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். திறக்காத இன்சுலினுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் தேவை. பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ பெரும்பாலும் சுமார் 4 வாரம் அறை வெப்பத்தில் இருக்கலாம். எவ்வளவு வெப்பம் வரை, எத்தனை நாள் என்பது மருந்துடன் வரும் தாளில் இருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன்பே மருத்துவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பயன்படுத்துவோருக்குத் தனி எச்சரிக்கை. அது 350 வாட் எடுத்தால் 10 மணி நேரத்துக்கு 3500 வாட்-மணி. சாதாரண பவர் ஸ்டேஷன் தாங்காது. இவர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்ததுமே மருத்துவமனை அருகில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது இன்னும் நல்லது.

உயிர் சம்பந்தப்பட்ட பாடம்

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். விழித்திருப்பவர் காய்ச்சல் வருகிறது என்று நினைத்துப் படுத்துவிடுவார். உறங்குபவருக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாமல் உயிர் போய்விடும்.

விபத்து நடக்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். வெளியே மழை. மெஷின் நனையக் கூடாது என்று வராந்தாவிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, முற்றத்திலோ வைக்கிறார்கள். "ஜன்னல் திறந்துதானே இருக்கிறது" என்று நினைக்கிறார்கள். ஜன்னல் திறந்திருப்பது பாதுகாப்பு ஆகாது. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் யார் வீட்டையும் நோக்காமல் இருக்க வேண்டும். மழைக்கு மேலே மட்டும் கூரை போடலாம். பக்கங்களை மூடக் கூடாது.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் குறுகிய சந்துகளும் உள்ள நம் தெருக்களில் அந்த 20 அடி எத்தனை வீடுகளுக்குக் கிடைக்கும்? உங்கள் வீட்டுக்குப் பின்புறம் என்பது பெரும்பாலும் அடுத்த வீட்டின் படுக்கையறை ஜன்னல். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். அந்த இடைவெளி இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட்டுவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இரவெல்லாம் எரிந்து ஓடும் எஞ்சினும் நெருப்புதான்.

யாருக்காவது மயக்கம் தெரிந்தால் உடனே எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஜெனரேட்டர் ஒயரை வீட்டுப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் அனுப்பாதீர்கள். அது வெளிக்கம்பிக்கும் ஏறி, நமக்காகக் கம்பத்தில் நிற்கும் மின்வாரிய ஊழியரைக் கொன்றுவிடும். எலக்ட்ரீஷியனை வைத்துச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்திய பிறகே வீட்டு இணைப்பில் சேர்க்க வேண்டும்.

பவர் ஸ்டேஷனுக்கும் எச்சரிக்கை உண்டு. வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். நனைந்தது, கீழே விழுந்தது, உப்பியது எதையும் சார்ஜ் போடாதீர்கள். வாங்கும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரியா என்று கேளுங்கள்; மற்ற லித்தியம் வகைகளைவிட அது சூட்டைத் தாங்கும், நீண்ட நாளும் உழைக்கும். சோலார் பலகை சேர்த்து வாங்கினால் வெயில் நாளில் பெரிய உதவி. மேகம் மூடிய புயல் நாள்களில் அதை மட்டும் நம்ப முடியாது.

வீட்டுக்குப் பேட்டரி, மஹல்லாவுக்கு ஜெனரேட்டர்

அப்படியானால் ஐந்து நாள் மின்சாரம் வராவிட்டால் பேட்டரியை எங்கே நிரப்புவது? இங்கேதான் ஜமாஅத்தின் பங்கு வருகிறது.

நான்கு வீடுகள் தனித்தனியே சிறு ஜெனரேட்டர் வைத்து இரவு 10 மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். விசிறியும் விளக்கும் மட்டும் போட்டாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக்கு 4 லிட்டர் என்றால் ஓர் இரவுக்கு 16 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் 1600 ரூபாய். நான்கு இடத்தில் புகை, நான்கு இடத்தில் இரைச்சல்.

அதே நான்கு வீடுகளில் ஆளுக்கொரு பவர் ஸ்டேஷன் இருந்து, பள்ளிவாசல் வளாகத்தின் திறந்த இடத்தில் 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்று இருந்தால்? லுஹர் தொழுகைக்குப் பின் முதலில் மோட்டாரைப் போட்டு ஒளுவுக்கும் குடிநீருக்கும் தொட்டியை நிரப்பலாம். மோட்டாரை நிறுத்திய பின், ஒவ்வொன்றும் 500 வாட் எடுக்கும்படி நான்கு பெட்டிகளையும் 2 மணி நேரம் சார்ஜ் போடலாம். அதற்குச் சுமார் 3 லிட்டர் போதும். பகலில் ஓடுகிறது, ஆள் பக்கத்தில் நிற்கிறார், யாரும் உறக்கத்தில் இல்லை. இரவில் வீடுகளில் அமைதியான வெளிச்சம்.

எல்லா வீடுகளும் பவர் ஸ்டேஷன் வாங்க வேண்டும் என்பதில்லை, எல்லோராலும் முடியாது. நோயாளி, கைக்குழந்தை, பேறுகாலப் பெண் உள்ள வீடுகளே முதல் தேவை. இரண்டு மூன்றை மஹல்லாவின் பொதுப்பொருளாக வாங்கி, அந்தந்த நேரத்துத் தேவைப்படி வீடுகளுக்குக் கொடுத்து வாங்கலாம். வட்டித் தவணையில் யாரும் மாட்டிக்கொள்ளாமல், இயன்றவர்கள் அழகிய கடனாகக் கொடுத்து உதவலாம். நிதி திரட்டும்போதே "பள்ளிவாசலுக்கும் மஹல்லா மக்களின் அவசரத் தேவைக்கும்" என்று நோக்கத்தைத் தெளிவாக எழுதி அறிவித்துவிடுங்கள். பள்ளிக்கென்று மட்டும் வக்ஃபு செய்யப்பட்ட பொருளை வேறு தேவைக்கு எடுக்கலாமா என்ற கேள்வி பின்னால் எழாமல் இருக்கும். ஏற்கெனவே உள்ள பொருளானால் உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை சற்று நேரம் சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பல மாதம் தேங்கிய பெட்ரோல் கெட்டு, அவசரத்தில் கிளம்பாமல் காலை வாரும். பவர் ஸ்டேஷனைக் காலியாக வைக்காமல் சில மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்து, புயல் அறிவிப்பு வந்ததும் முழுமையாக நிரப்பிவிட வேண்டும். யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரைக் குறித்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்:

1. மின்சாரம் போனால் நம் வீட்டில் நின்றுவிடவே கூடாதது எது?
2. அது எத்தனை வாட், எத்தனை மணி நேரம்?
3. விசிறியை மாற்றினால் கணக்கு எவ்வளவு குறையும்?
4. ஜெனரேட்டர் வைக்க எல்லா ஜன்னல்களிலிருந்தும் 20 அடி தள்ளி இடம் இருக்கிறதா?
5. பக்கத்து வீட்டில் மருத்துவக் கருவியை நம்பி இருப்பவர் யாராவது உண்டா?

ஐந்தாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள், இன்று அஸருக்குப் பின் ஓர் எட்டுப் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் இயற்கைச் சீற்றங்களிலிருந்தும் நம் கவனக்குறைவின் தீங்குகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.