பழைய காரின் ஸ்டியரிங் கோளாறுகள்: நாமே பார்த்தறிவது எப்படி?



ஆட்டோ எவ்வளவு பெருகினாலும் சில டிவிசன்களில் பழைய மைனர் கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ராத்திரியில் பிரசவ வலி, பிள்ளைக்கு வலிப்பு என்றால் லயத்து ஆட்கள் முதலில் தட்டுவது அந்தக் கார்க்காரரின் கதவைத்தான். நான் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் அப்படி ஒரு ராத்திரி. நிறைமாதத் தாயை ஏற்றிக்கொண்டு போன மைனர், ஸ்டோர் முடக்கில் மெதுவாகத் திரும்பும்போது இடப்பக்க முன்சக்கரம் மடங்கி, கார் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேகம் இல்லாததால் யாருக்கும் அடி இல்லை. ஆனால் தோட்டத்து லொறி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. "ஒரு மாசமா கடக் கடக்னு சத்தம் வந்துச்சு சார், டயரா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் கார்க்காரர்.

ஏன் அப்படி மடங்குகிறது? மைனர் கார் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் புரி வெட்டியிருக்கும். போல்ட்டும் நட்டும் போல அது ட்ரனியன் என்ற பாகத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புரி உள்ளே சுழலும். கிரீஸ் இருந்தால் பல வருடம் ஓடும். கிரீஸ் வற்றி, நமது ரோட்டுச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் புரி தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் கீழ்ப்புரி கழன்று வந்துவிடும். அதுதான் அன்றைக்கு நடந்தது.

இதைச் சோதிக்கக் கராஜுக்குப் போகத் தேவையில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கீழே பலமான கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கடியில் தலையை விடக்கூடாது. இனி, சக்கரத்தின் மேல் ஓரத்தை ஒரு கையாலும் கீழ் ஓரத்தை மறு கையாலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பெயரிங்கில். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் ட்ரனியன், அல்லது மேலே இருக்கும் ஷாக்கின் கை. மைனரில் ஷாக்கின் கைதான் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. அப்படி ஆடும் காரில் ஆளை ஏற்றவே கூடாது. கராஜ் பாஸிடம் காட்டிய பிறகுதான் ஓட வேண்டும்.

அடுத்து சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். இதில் மட்டும் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டைரொட் என்ட் தேய்ந்திருக்கும். காரை இறக்கிய பிறகு ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் வெளியிலிருந்து பார்க்கணும். ஸ்டியரிங் அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால், இடையில் எந்த மூட்டு சும்மா ஆடுகிறது என்று கண்ணாலேயே காணலாம். ரெக்கைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். உடனே அலைன்மென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ரோட்டும் மழைத்தண்ணீர் வடிய ஓரமாகச் சரிந்திருக்கும், ஆகவே கொஞ்சம் இடப்பக்கம் சாய்வது இயல்பு. முதலில் காற்றைப் பாருங்கள். பிறகு முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடி வந்து நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையை வைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் கொதித்தால் அதில் பிரேக் விடாமல் உரசுகிறது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் வீல் பெலன்ஸ். கொழுந்து மலை ரோட்டில் ஓடும் காருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிம்முக்கு உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். கழுவிவிட்டாலே நின்றுவிடும். வீல் நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, முடக்கு திரும்பிய பிறகு தானாக நேராகவில்லை என்றால் காற்றுக் குறைவு, இல்லாவிட்டால் கிரீஸ் வறட்சி. இதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், ட்ரனியன் கழல்வதற்கு வெகுநாள் முன்பே இது தெரியும். ஒவ்வொரு பக்கமும் மேலேயும் கீழேயும் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் அதற்கும் முன்னாலேயே அடிப்பது நல்லது. சக்கரத்தைத் தூக்கி வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கணும். பிதுங்காவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்யணும். மேலே பூசிவிட்டு "கிரீஸ் போட்டாச்சு" என்பது வேலையல்ல.

முடக்கில் பின்பக்கம் தூக்கிப்போடுகிற மாதிரி இருந்தால் பின் வில்லுத் தகட்டைப் பாருங்கள். ஒரு தகடு உடைந்திருக்கலாம், கட்டியிருக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். ஒரு மூலையை அழுத்திவிட்டால் இரண்டு மூன்று தடவை துள்ளுகிறதா? அப்படியென்றால் ஷாக்கில் எண்ணெய் இல்லை. நான்கு பேர் காரில் எட்டுப் பேரும் அரிசி மூட்டையும் ஏற்றினால் எந்த நல்ல காரும் இப்படித்தான் போகும், அதற்கு பாஸ் ஒன்றும் செய்ய முடியாது.

டைரொட் என்ட் மாற்றினால் மட்டும் அலைன்மென்ட் கட்டாயம். மைனருக்கு முன்சக்கரங்களின் முன் ஓரம் பின் ஓரத்தைவிட சுமார் 2.4 மில்லிமீற்றர் உள்ளே நெருங்கியிருக்க வேண்டும். அது சரியில்லாத காரில் டயரின் மேல் விரலைக் குறுக்கே ஓட்டினால் ஒரு பக்கம் வழுவழுவென்றும் திரும்பி வரும்போது ரம்பப்பல் மாதிரியும் தட்டும்.