வெறுங்குழி நீலமானால்

பணி ஓய்வுக்குப் பிறகு தாசேக் கெலுகோரில்தான் இருக்கிறேன். பெர்த்தாமிலும் பினாங்குத் தீவிலும் நோயெதிர்ப்பியல் ஆய்வுக்குச் சேர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வரும்போது எட்டிப் பார்ப்பார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: “அங்கிள், எத்தனை பேப்பர் போட்டா போதும்?” அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. வெறுங்குழியை முதலில் பாருங்கள். எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா சோதனைத் தட்டில் 96 குழிகள். சீரம் விடாத வெறுங்குழி நிறம் மாறக் கூடாது. நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, தட்டு முழுக்க அழகான நீலம். துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் நின்ற மூத்த அக்கா ஒன்றும் பேசாமல் வெறுங்குழியை விரலால் காட்டினார். அதுவும் நீலம்! ஐந்து முறை கழுவ வேண்டிய தட்டை, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டோடு நிறுத்தியிருந்தேன். அந்தத் தட்டை நம்பிக் கட்டுரை போட்டிருந்தால் எனக்குக் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். அதை நம்பிய இன்னொருவருக்கு ஒரு வருடம் பாழாகியிருக்கும்.

2. காலடியில் ஓடுவதைக் கவனியுங்கள். மதுரையில் வி. ஆர். முத்துக்கருப்பன் வேலியோர ஓணானை ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்தார். செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் செலுத்தினால் ஓணானின் உடல் எப்படி எதிர்க்கிறது என்று அவரும் கனகாம்பிகாவும் எழுதியது, 1972இல் ‘ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி’யில் வந்தது. அதே முத்துக்கருப்பன் 1979இல் அவர்பாக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஓணான் அவர் வழியை மறிக்கவில்லை.

3. ஒரே கேள்வியோடு குடியிருங்கள். யானைக்கால் நோய் தரும் புரூகியா மலாயியின் குட்டிப் புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் தலைகாட்டும். அதனால் சுகாதார ஊழியர்கள் தூங்குகிறவர்களை எழுப்பி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நம் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் ரஹ்மா நோர்டின் குழு, புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஜி4 எதிர்ப்பொருளைப் பிடிக்கும் ‘புரூகியா ரேப்பிட்’ சோதனையை உருவாக்கியது. பகலில் எடுத்த ரத்தமே போதும் என்றானது. கட்டுரை மேல் கட்டுரையாக அவர்கள் அந்தப் புழுவை விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

4. கெட்டுப்போன சோதனையைக் குப்பையில் போடாதீர்கள். அமெரிக்காவில் புரூஸ் கிளிக், கோழியின் பின்புறமுள்ள ‘பர்சா’ என்ற பையை அறுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்புச் செய்முறைக்காக டிமதி சாங் அவரிடம் கோழிகளை வாங்கிப் போனார். சால்மோனெல்லாவைச் செலுத்தியும் பர்சா இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருள் வரவில்லை. செய்முறை கெட்டது, கண்டுபிடிப்பு கிடைத்தது. ‘சயின்ஸ்’ திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை 1956இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழி வளர்ப்பு இதழில் வெளியானது. இன்று பாடப்புத்தகத்தில் ‘பி’ செல் என்று படிக்கிறீர்களே, அந்த ‘பி’ பர்சாவின் முதலெழுத்து.

5. அச்சேறியதோடு கைகழுவாதீர்கள். ஆய்வாளர் அஸ்மா இஸ்மாயிலின் குழு டைஃபாய்டு கிருமியின் வெளிச்சவ்வில் 50 கிலோடால்டன் புரதம் ஒன்றைக் கண்டது. அதை எழுதியதோடு நிற்காமல் ‘டைஃபிடாட்’ என்ற சோதனையாக்கி மருத்துவர் கைக்குக் கொண்டுபோனார்கள்.

6. பெயர் வரிசையை முன்கூட்டியே பேசுங்கள். வேலையைச் சுமந்தவர் முதலில், வழிநடத்தியவர் கடைசியில் என்பது எங்கள் துறை வழக்கம். எழுதி முடித்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

7. காசு கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். சரிபார்க்க ஆளில்லாத இதழ், வெறுங்குழி இல்லாத தட்டு.

8. எச்-இண்டெக்ஸ் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் பத்து, அவ்வளவுதான். உங்கள் நோட்டைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் அதே சோதனையைச் செய்ய முடிகிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

ஆகவே, எத்தனை பேப்பர் என்று என்னைக் கேட்காதீர்கள். நாளைக்குத் தட்டைக் கழுவும்போது எண்ணுங்கள். ஐந்து என்றால் ஐந்து. பஸ் போனால் போகட்டும்.