பால் மறந்த எடையை மட்டும் நம்பி ஏமாந்தேன்

போன வருசம் பட்டியில் ரெண்டு மேச்சேரி கிடாய்க்குட்டிகளைப் பால் மறக்கடிக்கும் அன்று எடை போட்டேன். ஒன்று 12.5 கிலோ, மற்றது 9.2. பெரியதைப் பொலிகிடாய்க்கு நிறுத்திவிட்டு, சின்னதை வியாபாரிக்குக் கொடுத்துட்டேன்.

அப்புறம்தான் நோட்டைப் புரட்டினேன். பெரியதுக்கு வயசு 110 நாள், பிறந்தப்போ 2.6 கிலோ. சின்னது 80 நாள் குட்டி. பிறந்தப்போ 2 கிலோ. கணக்குப் போட்டால் ரெண்டும் நாளுக்கு 90 கிராம்தான் ஏறியிருக்கு! அதிலும் பெரியது ஒத்தைக்குட்டி, தாய்ப்பால் முழுக்க அதுக்கே. விற்றது ரெட்டையில் ஒன்று. மேச்சேரியில் ரெட்டையே அபூர்வம். பாதிப் பாலைக் குடிச்சு அந்த வளர்ச்சி!

தாயின் பால், எத்தனையாவது ஈத்து, பிறந்த பருவத்தில் கொழுக்கட்டைப்புல் இருந்ததா, எல்லாமே இந்த எடைக்குள் இருக்கு. பொலிகிடாய் தன் குட்டிக்குத் தருவது மரபை மட்டும்தான். அதனால் பிறந்த தேதியையும் எடையையும் எழுதி வையுங்க. இப்போதைய எடையில் பிறந்த எடையைக் கழிச்சு, வயசு நாளால் வகுத்து, 90-ஆல் பெருக்கி, பிறந்த எடையைக் கூட்டினால் மூணு மாச எடை வரும். ரெட்டைக்கும் தலையீத்துக் குட்டிக்கும் அதுக்கு மேலும் சலுகை கொடுத்துப் பாருங்க.

வயிற்றுக்குள் குட்டி பெரும்பகுதி வளர்வது சினையின் கடைசி ஒன்றரை மாசத்தில். அப்போ தீவனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அந்த ரெட்டையின் தாய் இப்போ மறுபடி சினை. வெள்வேலங்காயும் கடலைப்பிண்ணாக்கும் வச்சுட்டிருக்கேன்.