சீன முறைக் கறி மசாலா: சிவப்புப் பொடி கேட்டால் என்ன கொடுப்பது?



சென்ற மாதம் சேந்தமங்கலத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என் மண்டிக்கு வந்தார். "ஐயா, சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்த பையனுக்கு அவங்க அம்மா சீனாக்காரங்க மாதிரி சாப்ஸ் சுட்டுக் கொடுக்கணுமாம். சோயா சாஸ் கொடுத்துட்டேன். சிவப்புப் பொடியும் கேக்கறாங்க" என்றார்.

அந்தப் பொடி என்னிடம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பொட்டலம் போட்டு விற்றும் இருக்கிறேன். என்ன சாயம் என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்ற நானும் பார்க்கவில்லை. அந்தத் தவறு நம் உறுப்பினர் எவருக்கும் நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

தென் சீனத்தில் கான்டன் பகுதியினர் பன்றிக்கறியை மசாலாவில் ஊறவைத்து, கம்பியில் கோத்துச் சுடுவார்கள். அதற்கு 'சார் சியூ' என்று பெயர். விலா எலும்புக்கறியையும் இதே முறையில் செய்வதுண்டு. அந்தச் சிவப்பு, ஒருவகைப் பூஞ்சணம் வளர்த்துப் பக்குவம் செய்த அரிசியிலிருந்து வந்தது. சோயா சாஸும் தேனும் நெருப்பில் பட்டுக் கருஞ்சிவப்பாகி மினுங்கும். சாயப் பொடி பிற்காலத்தில் வந்த குறுக்கு வழி.

ரோடமின்-பி என்பது துணிக்குப் போடும் சாயம். அது கலந்த பஞ்சு மிட்டாய் விற்பனையை 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை செய்தது. கோபி மஞ்சூரியனில் செயற்கை வண்ணம் சேர்ப்பதை அதே ஆண்டு மார்ச்சில் கர்நாடக அரசு தடை செய்தது. மசாலாப் பொடிகளில் வண்ணம் சேர்க்கவே விதிகளில் அனுமதி இல்லை. பெயர்ச் சீட்டு இல்லாத பொடியை விற்றவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஐந்து சரக்கு

சீனர்களின் ஐந்து மசாலாவில் நான்கு நம் கடையிலேயே இருப்பவை: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு. ஐந்தாவது சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, செடி வேறு. அதற்குப் பதில் நம் கொல்லிமலை மிளகைப் போடலாம். நாக்கு மரத்துப்போகும் அந்த ருசி வராது, காரமும் மணமும் வரும்.

அன்னாசிப்பூ சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வருகிறது. கொள்முதல் செய்யும்போது ஓர் இதழை ஒடித்து முகர்ந்து பாருங்கள். சோம்பு போல இனிய மணம் வர வேண்டும். ஜப்பானில் இதே வடிவில் ஒரு காய் உண்டு, அது நஞ்சு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மணத்தில் சந்தேகம் வந்தால் விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

அன்னாசிப்பூ, பட்டை, சோம்பு, மிளகு தலா 10 கிராம், கிராம்பு 5 கிராம். இலேசாக வறுத்து, ஆறவிட்டுப் பொடிக்கச் சொல்லுங்கள்.

செய்முறை (ஒரு கிலோ சாப்ஸுக்கு)

சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, இஞ்சி விழுது, பூண்டு விழுது, வினிகர் தலா 1 மேசைக்கரண்டி, ஐந்து மசாலாப் பொடி 1 தேக்கரண்டி, நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி. கறியில் பிசறி, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரமாவது வைக்க வேண்டும்; இரவு முழுதும் வைத்தால் நல்லது. வெளியில் வைக்கக் கூடாது.

பிறகு சிறிது தண்ணீர் விட்டு, குக்கரில் கறி மிருதுவாகும் வரை வேகவைத்து, மிஞ்சிய சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி தேன் கலக்க வேண்டும். அதைக் கறியின் மேல் தடவி, கரி அடுப்பிலோ இரும்புக் கல்லிலோ திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தேனை முதலிலேயே போட்டால் கருகிவிடும்.

தனியாக உப்பு வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள வாடிக்கையாளருக்கு இதைச் சொல்வது நம் கடமை.

கடைக்காரர் கவனிக்க

1. ஐந்து சரக்கையும் முழுதாகவே கட்டிக் கொடுங்கள். பழைய சரக்கைப் பொடியில் மறைக்கலாம், முழுதாக இருந்தால் மறைக்க முடியாது.

2. பொடித்துப் பாக்கெட் போட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்பு உரிம எண், சேர்மானம், எடை, தேதி எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும்.

3. வண்ணப் பொடி கேட்பவருக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூளைக் கொடுத்து, காரணத்தையும் சொல்லுங்கள்.

அன்று வந்த கடைக்காரரிடம் ஐந்து சரக்கையும் நூறு கிராம் மிளகாய்த்தூளையும் கொடுத்தனுப்பினேன். பொடி இல்லை என்றதும் முகம் சுருங்கித்தான் போனார். மறு வாரம் அவரே வந்து, அந்த அம்மா அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிவிட்டார் என்று அன்னாசிப்பூ கால் கிலோ வாங்கிப் போனார்.