கட்டியடக்கி மரபணுக்களைப் படிக்க வந்திருப்பவர்களுக்கு

1. புற்றுச் செல்லில் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். நீங்கள் அதில் என்ன தொலைந்திருக்கிறது என்றும் தேடுங்கள். 1969-இல் ஹென்றி ஹாரிஸும் அவருடைய கூட்டாளிகளும் வீரியமிக்க புற்றுச் செல்லை வீரியமற்ற செல்லோடு இணைத்தார்கள். இணைந்த செல் எலியின் உடலில் கட்டியாக வளரவில்லை. சில குரோமோசோம்கள் அதிலிருந்து உதிர்ந்த பிறகோ, கட்டி மறுபடியும் வந்தது. வளர்ச்சியை அடக்கும் ஏதோ ஒன்று அந்தக் குரோமோசோம்களில் இருந்திருக்கிறது.

2. நட்சனின் 1971 கட்டுரையைச் சுருக்கத்தில் படிக்காதீர்கள், முழுதாகப் படியுங்கள். விழித்திரைப் புற்று வந்த 48 குழந்தைகளின் விவரங்கள், கொஞ்சம் கணிதம், அவ்வளவுதான். பரம்பரையாக வரும் நோயில் குழந்தை பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் மரபணுவின் ஒரு பிரதி கெட்டிருக்கும். மற்றதும் போனால் போதும். அதனால்தான் சின்ன வயதிலேயே, பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வருகிறது. மற்றக் குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரண்டு பிரதிகளும் கெட வேண்டும். நோய் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும் வரும். ஆர்பி என்ற அந்த மரபணு 13-ஆவது குரோமோசோமிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1986-இல்தான்.

3. ஆர்பி செய்யும் வேலையைப் படம் போட்டுச் சொல்லப் பழகுங்கள். அது இ2எஃப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை செல் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்காது. சிடிகே4, சிடிகே6 நொதிகள் ஆர்பியில் பாஸ்பேட்டை ஏற்றினால் பிடி விடும். மார்பகப் புற்றுக்குத் தரும் பால்போசிக்ளிப் அந்த நொதிகளைத்தான் தடுக்கிறது. ஆர்பியே இல்லாத கட்டியில் அந்த மருந்துக்கு வேலையில்லை.

4. பி53-இல் அவசரப்படாதீர்கள். பெரிய பெரிய ஆய்வகங்களே இதில் பத்து ஆண்டு தடம் மாறிப் போயின. 1979-இல் கண்டுபிடித்த இதைப் புற்றை வளர்க்கும் மரபணு என்றே நம்பினார்கள். கையிலிருந்த பிரதிகள் திரிந்தவை என்பதும், உண்மையான பி53 கட்டியை அடக்குவது என்பதும் 1989-இல்தான் தெளிவாயிற்று. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இது திரிந்திருக்கிறது.

பி53-க்குச் சாயமேற்றிய ஸ்லைடிலும் அதே குழப்பம் காத்திருக்கிறது. சேதமில்லாத செல்லில் எம்டிஎம்2 என்ற புரதம் பி53-ஐ உடனுக்குடன் அழிக்க வைக்கும். அதனால் சாயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறித் தெரியும். திரிந்த பி53 பெரும்பாலும் அழியாமல் குவிந்து உட்கருக்களை அடர்த்தியாக்கும். அடர்த்தியைப் பார்த்து, காவல் பலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கட்டியில் ஒரு செல்கூட நிறமேறாவிட்டால் அதுவும் திரிபாக இருக்கலாம். பக்கத்திலுள்ள நல்ல செல்களில் சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ரிப்போர்ட் எழுதுங்கள்.

5. மரபணு வரிசை சரியாக இருப்பதாலேயே புரதமும் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்களில் பி53 மரபணு திரியவில்லை. ஆனால் அவற்றிலுள்ள ஹெச்பிவி வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழிக்க வைக்கிறது. இ7 ஆர்பியை முடக்குகிறது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் போட்டாயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள்.

6. பிஆர்சிஏ1 மரபணுவிலோ பி53-இலோ பரம்பரைத் திரிபு தென்பட்டால், அந்த ரிப்போர்ட் ஒருவரோடு நிற்காது. அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. நடைபாதையில் நின்றபடி உறவினரிடம் சொல்லிவிடாதீர்கள். நோயாளியை உட்கார வைத்து, மரபியல் ஆலோசகரும் உடனிருக்க, அவரிடமே முதலில் சொல்லுங்கள். யாருக்கெல்லாம் பரிசோதனை தேவைப்படும் என்பதை எழுதிக் கொடுங்கள்.