செய்தித்தாள் படிப்போம்: தந்தியும் வதந்தியும்



நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எழுத்துகளைக் கற்று, பாடப்புத்தகத்து நரிக்கதையைத் தடங்கலின்றிப் படிக்கும் பிள்ளைகள், ஒரு தமிழ் நாளிதழைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். எழுத்து தெரியாததால் அல்ல. செய்திக்கென்று தனியாக ஒரு சொற்கூட்டம் இருக்கிறது. வீட்டுப் பேச்சிலும் அது வராது, நரிக்கதையிலும் வராது. அந்தச் சொற்களில் சிலவற்றைப் பற்றியதே இந்தப் பாடம். நான் தமிழாசிரியன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னை எழுத வைத்தது.

எங்கள் ஊர் நாகலாபுரம். மச்சாவதாரப் பெருமாளான வேதநாராயண சுவாமி கோயில் உள்ள ஊர் என்றால் பலருக்குத் தெரியும். சம்பவம் நடந்தபோது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். சுருட்டப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டை வந்துவிடும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். என் மகளும் அப்படித்தான். தமிழ் சரளமாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. திருமணமாகி ஐதராபாத்தில் இருக்கிறாள். பேத்தி ஆங்கிலப் பள்ளியில் படித்தாலும் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். ஆக, அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தது எட்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குத்தான்.

2021 நவம்பர் மழை நினைவிருக்கும். 19ஆம் தேதி கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் மீதிருந்த அன்னமய்யா அணை உடைந்து உயிர்கள் போயின. அடுத்த ஓரிரு நாளில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். இந்தப் பீதியில் எங்கள் பக்கத்து ஏரி ஒன்றும் உடைந்துவிட்டதாக யாரோ கைப்பேசியில் பரப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் அப்போது மின்சாரம் இல்லை, என் கைப்பேசி அணைந்து கிடந்தது. ஊத்துக்கோட்டையில் உள்ள உறவினர் ஒருவர், என் மகள் கவலைப்படக் கூடாதே என்று தமிழ்ப் பத்திரிகையில் வந்த ஒரு துண்டுச் செய்தியைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். தலைப்பு இதுதான்:

ஏரி உடைந்ததாக வதந்தி: அதிகாரிகள் மறுப்பு.

பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஏரி உடைந்த... வந்த தந்தி. அதிகாரிகள் மறுப்பு."

மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தந்தி என்றால் அவளுக்குத் தெரியும். கெட்ட செய்தி தாங்கி வருவது. 'மறுப்பு' என்ற சொல்லை அவள் கேட்டதில்லை. ஆனால் தெலுங்கில் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு சொல் உண்டு, அதற்கு மறதி என்று பொருள். ஏரி உடைந்தது என்று தந்தி வந்திருக்கிறது, அதிகாரிகள் மறந்துபோய்க் கோட்டை விட்டார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். ஆறுதல் சொல்ல அனுப்பிய செய்தி அழ வைத்துவிட்டது. மாப்பிள்ளை அன்றிரவே சென்னை பஸ்ஸில் ஏறினார். நெல்லூருக்கு அருகே பென்னா ஆற்று வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையைத் துண்டித்திருந்தது. பஸ்ஸிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்து, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது நான் திண்ணையில் ஈர விறகைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை. "மாமா, காபி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இதில் குழந்தையின் தவறு எதுவும் இல்லை. அந்தத் தலைப்பை இப்போது நாம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் 'வதந்தி'. யார் சொன்னது என்று தெரியாமல் வாய்க்கு வாய் பரவும் பேச்சு. தந்திக்கும் இதற்கும் உறவு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், தெலுங்குப் பத்திரிகைகளிலும் இதே சொல் 'வதந்துலு' என்று அடிக்கடி வரும். குழந்தை அந்த மூன்றரை எழுத்தையும் ஒழுங்காக உச்சரித்திருந்தால் என் மகளுக்கு உடனே புரிந்திருக்கும்.

தந்தியின் கதை வேறு. செய்திகள் மின்கம்பி வழியே ஓடி வந்த காலத்தில் பத்திரிகைக்கும் தந்திக்கும் பிரிக்க முடியாத தொடர்பு. ஜி.சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனில் பாரதியார் 1904இல் உதவியாசிரியராகச் சேர்ந்தபோது, ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தமிழாக்குவதே அவருக்கு முக்கிய வேலை. இன்று நாம் சாதாரணமாகப் புழங்கும் பல செய்திச் சொற்கள் அப்படி மேசை மேல் அவசரத்தில் பிறந்தவைதான். சி.பா.ஆதித்தனார் 1942இல் மதுரையில் நாளிதழ் தொடங்கியபோது தந்தி என்றே பெயர் வைத்தார். இந்தியாவில் தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். தினத்தந்தி என்ற பெயர் மட்டும் தினமும் காலையில் வந்துகொண்டிருக்கிறது. என் பேத்தி பிறந்தபோது நாட்டில் தந்தியே இல்லை. அந்தச் சொல்லை அவள் அறிந்ததே பத்திரிகையின் பெயராகத்தான்!

அடுத்து 'மறுப்பு'. மறுத்தல் என்றால் இல்லை என்று சொல்லுதல். ஒரு செய்தி தவறு என்று சம்பந்தப்பட்டவர் சொன்னால் அது மறுப்பு. இதில் வல்லின 'று' இருக்கிறது. நம் வீடுகளில் ரகர றகர வேறுபாட்டை யாரும் காதால் பிரிப்பதில்லை, ஆகவே கண்ணால் பிரிக்கக் கற்பிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதைத்தான் குழந்தை விழுங்கிவிட்டாள்: 'உடைந்ததாக'. 'ஏரி உடைந்தது' என்றால் பத்திரிகையே பொறுப்பேற்றுச் சொல்கிறது. 'உடைந்ததாக' என்றால் வேறு யாரோ சொல்கிறார்கள். அந்த 'ஆக' என்ற வால் ஒட்டியவுடன் செய்தியின் எடை மாறிவிடுகிறது. சொன்னது யார் என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். 'உடைந்ததாகக் கலெக்டர் தெரிவித்தார்' என்பது ஒன்று. 'உடைந்ததாகக் கூறப்படுகிறது' என்பது இன்னொன்று. இதில் கூறியவர் பெயரே இல்லை. தெலுங்கில் 'தெகினட்டு' என்று முடிப்பார்களே, அந்த 'அட்டு'தான் நம் 'ஆக' என்று மகளிடம் சொன்னேன். "அடடா, இவ்வளவுதானா அப்பா!" என்றாள்.

ரயில்வேயில் எங்களுக்கு இது பழகிய விஷயம். மழைக்காலத்தில் வானிலை எச்சரிக்கை வந்தால், எத்தனை மணிக்கு வந்தது, யார் கொடுத்தது என்று குறித்துக்கொள்வோம். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் உறுதி அளிக்கும்போது பிரைவேட் நம்பர் என்று ஓர் எண்ணைச் சொல்லிப் பதிவு செய்வார்கள். சொன்னவர் இன்னார் என்பதற்கு அது அடையாளம். ரயில் பாதைக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஏரிகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு. 2005 அக்டோபர் 29ஆம் தேதி ஐதராபாத்துக்குக் கிழக்கே வலிகொண்டா அருகில், திடீர் வெள்ளத்தில் சிறு பாலம் ஒன்று அடித்துச் செல்லப்பட, ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆகவே பாலத்தைப் பற்றி வதந்தியே வந்தாலும் நாங்கள் முதலில் ரயிலை நிறுத்துவோம், பிறகுதான் விசாரிப்போம். பத்திரிகை வாசகனுக்கு அந்த விதி பொருந்தாது. அவன் முதலில் வாலைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பஸ்ஸில் ஏற வேண்டும். (மாப்பிள்ளை இதைப் படித்தால் சிரிப்பார் என்று நம்புகிறேன்.)

தெலுங்கு நாட்டில் வளரும் நம் பிள்ளைகளை ஏமாற்றும் சொற்கள் இன்னும் சில உண்டு. 'பேட்டி' என்றால் தமிழில் நிருபர் கேள்வி கேட்டு ஒருவர் பதில் சொல்வது. தெலுங்குப் பத்திரிகையில் 'பேட்டி' என்றால் வெறும் சந்திப்பு. முதலமைச்சருடன் பேட்டி என்று தெலுங்கில் போட்டால் அவர் பத்திரிகைக்கு வாயே திறக்காமல்கூட இருந்திருக்கலாம். 'அவசரம்' நமக்கு விரைவு, அவர்களுக்குத் தேவை. 'வார்த்தை' நமக்கு ஒரு சொல், அவர்களுடைய 'வார்த்த' ஒரு செய்தி. பத்திரிகை ஆசிரியரைத் தெலுங்கில் 'சம்பாதகுடு' என்பார்கள். நம் காதில் நிறையச் சம்பாதிப்பவர் என்று விழும். எனக்குத் தெரிந்த சிறுபத்திரிகை ஆசிரியர்களை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது. அவர் எழுதும் கருத்துப் பத்திக்கு நம்மில் தலையங்கம் என்று பெயர். செய்தி திரட்டுபவர் நிருபர். நிருபம் என்றால் கடிதம். வெளியூரிலிருந்து கடிதம் எழுதிச் செய்தி அனுப்பியவர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு சொல்லில் மட்டும் பெற்றோரும் கவனமாக இருக்க வேண்டும். 'குற்றம் சாட்டப்பட்டவர்' வேறு, 'குற்றவாளி' வேறு. முன்னவர் மீது புகார் இருக்கிறது, பின்னவர் குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தெலுங்கில் முன்னவரை 'நிந்திதுடு' என்றும் பின்னவரை 'தோஷி' என்றும் பிரித்து எழுதுகிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளிலேயே சில சமயம் தலைப்பில் இடம் போதவில்லை என்று கைதானவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பெயர் அப்படி அச்சில் வந்தால் எப்படி இருக்கும்?

இனிப் பயிற்சி. பிள்ளைகள் பழைய தமிழ் நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். சினிமாப் பக்கம் வேண்டாம், மாவட்டச் செய்திப் பக்கம் போதும். கூறினார், தெரிவித்தார், குற்றம் சாட்டினார், மறுத்தார், எனத் தெரிகிறது, எனக் கூறப்படுகிறது ஆகிய முடிவுகளைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் சொன்னவர் யார் என்று எழுதவும். சொன்னவர் பெயர் இல்லாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடவும். பிறகு அதே செய்தியை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்கவும்.

என் பேத்திக்கு இப்போது இது பழகிவிட்டது. போன வாரம் தொலைபேசியில், "தாத்தா, தணிக்கைன்னா கணக்குப் பார்க்கறதுன்னு சொன்னீங்க, இங்கே சினிமாவுக்குத் தணிக்கைன்னு போட்டிருக்கே?" என்று மடக்கினாள். இரண்டு பொருளும் உண்டு. அதை அடுத்த பாடத்தில் பார்ப்போம்.