செயின் வண்டி வைத்திருக்கும் தங்கச்சிக்கு

சம்பா அறுப்பு வந்துவிட்டால் லால்குடி, மண்ணச்சநல்லூர், அந்தநல்லூர் பக்கமெல்லாம் செயின் வண்டிதான், டயருக்குப் பதில் செயினில் ஓடும் அறுவடை இயந்திரம். பெண்கள் பேரில் வாங்கினால் மத்திய அரசுத் திட்டத்தில் 50 சதவீதம் வரை மானியம் உண்டு என்பதால் பில்லும் தவணையும் உன் பேரில் இருக்கலாம். ஓட்டுகிறவர் சீசனுக்கு வந்த டிரைவர். மாசி முடிந்தால் அவர் வேறு வண்டிக்குப் போய்விடுவார். எச்எஸ்டி, அதாவது ஆயில் அழுத்தத்தில் வண்டியை நகர்த்தும் ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன், பழுதானால் செலவு உனக்கு. அதனால் அதை நீயே கவனித்துக்கொள்.

குபோட்டா டிசி-68ஜி மாதிரி வண்டிகளில் ஓடும்போது கிளட்ச் மிதித்து வேகம் கூட்டும் வேலை இல்லை. இன்ஜின் பம்பைச் சுழற்றுகிறது, பம்பு ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில் மோட்டாரைச் சுழற்றி செயினை நகர்த்துகிறது. லிவரைத் தள்ளத் தள்ள பம்புக்குள் ஒரு தட்டு சாயும். சாய்வைப் பொறுத்து வேகம். பெரிய கல்லூரி வளாகங்களில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி பார்த்திருப்பாயே, அதிலும் பல மாடல்களில் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சின்னது.

எச்எஸ்டிக்கு எதிரி இரண்டு: சூடு, தூசி. சூடானால் ஆயில் உருக்கிய நெய்யாக நீர்த்து, பம்புக்குள்ளேயே கசிந்துவிடும். காலையில் நன்றாக இழுத்த வண்டி மதியம் இரண்டு மணிக்கு மேட்டில் திணறினால் டிரைவர் இன்ஜினைக் குறை சொல்வார். நீ முதலில் ரேடியேட்டரையும் ஆயில் கூலரையும் பார். நெல் சுணையும் பதரும் வலையை அடைத்திருக்கும். தினமும் சாயங்காலம் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கம்ப்ரஸர் காற்றால் உள்ளிருந்து வெளியே ஊதச் சொல். வெளியிலிருந்து ஊதினால் சுணை இன்னும் உள்ளேதான் போகும்.

சேற்றில் சிக்கும்போதுதான் நிறைய வண்டி கெடுகிறது. செயின் நகராமல் நிற்க, லிவரை முழுக்கத் தள்ளிப் பிடித்தால் ஆயில் முழு அழுத்தத்தில் ரிலீஃப் வால்வு வழியாகவே சுற்றும்; கொஞ்ச நேரத்தில் கொதிக்கும். சேற்று வயலில் இறங்கும் முன்பே லோ கியரில் போடச் சொல். சிக்கினால் லிவரை நடுவுக்குக் கொண்டுவந்து, பலகை போட்டு எடுக்கட்டும். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது என்று விவசாயி அவசரப்படுத்துவார். அவசரப்படட்டும்.

ஆயில் விஷயத்தில் நான் கறார். புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு மட்டும்தான். புல்வெட்டி வண்டிகளில் வரும் ஹைட்ரோ-கியர் கம்பெனியின் எச்எஸ்டி பலவற்றுக்கு 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில். குபோட்டா தன் வண்டிகளுக்கு யூடிடி என்று தனி ஆயிலே வைத்திருக்கிறது. ஒன்றுக்கு ஊற்றுவதை இன்னொன்றுக்கு ஊற்றாதே. புது வண்டியில் முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும், பெரும்பாலும் 50 மணி நேரத்தில். புது உலோகம் தேய்ந்த பொடி அதில்தான் சேர்ந்திருக்கும், தள்ளிப்போடாதே. ஃபில்டரையும் கூடவே மாற்று. மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடை. நூல் நூலாகப் பிரியும் காட்டன் வேஸ்ட் வேண்டாம், பழைய வேட்டித் துணி போதும். டீசல் ஊற்றிய புனலை இதற்கு எடுக்கவே கூடாது.

ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை உய்யக்கொண்டான் வாய்க்காலில் இறக்கிக் கழுவும் பழக்கத்தை நிறுத்து. வாய்க்காலுக்கும் அது நல்லதில்லை. ஊளையிடுகிற மாதிரி சத்தம் வந்தால் ஆயில் குறைந்திருக்கும், இல்லை ஃபில்டர் அடைத்திருக்கும்.

லிவர் நடுவில் இருந்தும் வண்டி மெல்ல ஊர்கிறதா? அன்றைக்கே லிங்கேஜை அட்ஜஸ்ட் பண்ண மெக்கானிக்கைக் கூப்பிடு. கத்தி முன்னால் வைக்கோல் எடுக்கக் குனியும் ஆள் இருக்கிறார். குனியும் முன் இன்ஜின் நிற்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். ஹோஸில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் விடாதே. கார் டயரில் 30 பிஎஸ்ஐ என்றால் இங்கே ஆயிரக்கணக்கில். ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் காலையில் போய்ப் பார்க்காதே. ஆறிய வண்டி எல்லாம் நன்றாகத்தான் ஓடும். வெயில் ஏறிய பிறகு போய், இரண்டு மணி நேரமாவது வயலில் ஓட்டச் சொல்லி, அதற்கப்புறம் கரை ஏறச் சொல்லிப் பார். தயங்கி ஏறினால் விலை பேசவே வேண்டாம்.